சட்டம் வந்தாச்சு, அந்தச் சிறுமி எங்கே போவாள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடை தேடிய கதை

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி இருக்கிறது மடவார் வளாகம். திருமலை நாயக்கரின் வயிற்றுவலியைத் தீர்த்தவர் என்று ஊர் சொல்லும் வைத்தியநாத சுவாமி கோயில் இங்கேதான். ராஜபாளையம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். மடவார் என்றால் பெண்கள். வளாகம் என்றால் சூழ்ந்திருக்கும் இடம். பெயரிலேயே பெண்கள் இருக்கிறார்கள்.

இன்று அறநிலையத் துறை கோயில் ஒன்றில் கல்யாணம் பண்ணணும்னா முதலில் கேட்பது வயதுச் சான்று. பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 ஆகியிருக்க வேண்டும். ஆதார், பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் என்று ஏதாவது ஒன்றைக் காட்டாமல் ரசீது போட மாட்டார்கள். இன்னொரு பக்கம், விருதுநகர் மாவட்டத்துக்கான போக்சோ சிறப்பு நீதிமன்றம் இருப்பதும் இதே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். 18 வயது நிறையாதவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றம் அது.

கோயில் அலுவலகம் கேட்பதும் நீதிமன்றம் பார்ப்பதும் ஒரே விஷயத்தை: வயது. நூறு வருஷத்துக்கு முன்னால் நிலைமை இப்படி இல்லை. பத்து வயதுச் சிறுமியைக் கோயிலுக்கு நேர்ந்துவிடலாம், கட்டிக் கொடுக்கலாம். யாரும் சான்று கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வியைச் சட்டமன்றத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் என்ன செய்தார், எங்கே தடுக்கி நின்றார், இன்றைய குழந்தைகள் உரிமைச் சட்டங்களோடு அவருக்கு என்ன தொடர்பு என்று பார்க்கலாம்.

புதுக்கோட்டைச் சிறுமி

முத்துலட்சுமி பிறந்தது 1886 ஜூலை 30-ம் தேதி, புதுக்கோட்டையில். அப்போது அது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், கல்வியாளர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தத் திருமணத்தால் அப்பாவை அவருடைய உறவுக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். இரண்டு சமூகங்களுக்கும் நடுவில், இரண்டிலும் முழுசாகச் சேராத வீட்டில் வளர்ந்தார் முத்துலட்சுமி. அம்மா வழி உறவுப் பெண்களின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பிற்காலத்தில் சட்டமன்றத்தில் அவர் பேசியது புத்தகத்தில் படித்த பிரச்சினையை அல்ல.

வயதுக்கு வந்ததும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது அன்றைய வழக்கம். அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். மெட்ரிகுலேஷன் தேறிய பிறகு மன்னர் கல்லூரியில் சேர மனு போட்டார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்ற எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு அனுமதி கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைகளில் தலையிடக் கூடாது என்பது கல்யாணத்துக்கு முன் அவர் வைத்த நிபந்தனை. பெண்கள், குழந்தைகளின் நோய்கள் பற்றி மேலே படிக்க 1925-ல் லண்டன் போனார். திரும்பி வந்ததும் வாழ்க்கை வேறு பாதையில் திரும்பியது.

மருத்துவர் சட்டமன்றத்துக்குப் போனது ஏன்?

அடையாறில் 1917-ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு ஒரு பெண்ணை நியமிக்கும்படி கேட்டு, முத்துலட்சுமி பெயரை முன்வைத்தது. அவருக்குத் தயக்கம் இருந்தது. மருத்துவத் தொழிலை விட்டுவிட மனசில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். 1926-ல் நியமன உறுப்பினர் ஆனார். அடுத்த ஆண்டு அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போன முதல் பெண் அவர்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை, பள்ளி மாணவிகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று ஒரு மருத்துவர் கேட்கக்கூடியவற்றை முதலில் கேட்டார். ஆனால் மருந்தால் தீராத இரண்டு விஷயங்கள் அவர் முன்னால் நின்றன. ஒன்று, குழந்தைத் திருமணமும் சிறு வயதுப் பிரசவமும். இன்னொன்று, பொட்டுக்கட்டுதல்.

பொட்டுக்கட்டுதல்: ஏன் சிறுமிகள்?

தமிழகக் கோயில்களில் பணி செய்த பெண்களின் வரலாறு நீளமானது. தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்களை ராஜராஜன் குடியமர்த்தியதைக் கல்வெட்டு சொல்கிறது. ஆடலும் பாடலும் அறிந்த, சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை இருந்த, கோயிலுக்குக் கொடை கொடுத்த பெண்கள் அவர்களில் இருந்தார்கள். காலம் போகப் போக ஆதரித்த அரசுகள் போயின. கலையும் மரியாதையும் சுருங்கின. பல இடங்களில் மிஞ்சியது, பெரிய மனிதர்களின் ஆசைக்குச் சிறுமிகளைத் தயார்செய்யும் ஏற்பாடு.

இதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே 372, 373 பிரிவுகள் இருந்தன. விபசாரத்துக்காகச் சிறுமிகளை விற்பதும் வாங்குவதும் குற்றம். முதலில் 16 என்றிருந்த வயது வரம்பை 1924-ல் 18 ஆக உயர்த்தினார்கள். அப்படியும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பொட்டுக்கட்டுவது சாமி காரியம் என்று சொன்னார்கள். பிற்பாடு அந்தப் பெண் என்ன ஆவாள் என்ற நோக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. தாயும் பாட்டியும் ஊரும் ஒன்றாக இருக்கும்போது புகார் கொடுக்க யார் வருவார்?

இதற்கு அடியில் ஒரு பொருளாதாரக் கணக்கும் இருந்தது. கோயில் பணிக்காக அந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் கொடுக்கப்பட்டிருந்தது. பணி நடந்தால்தான் நிலம். ஒரு தலைமுறைப் பெண்ணுக்கு வயதானால், அடுத்த தலைமுறையில் ஒரு பெண் பொட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும். மகள் இல்லையென்றால் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுப்பார்கள். குடும்பத்தின் சோறு அந்தச் சிறுமியின் கழுத்தில் தொங்கியது.

முத்துலட்சுமி பிடித்தது இந்த முடிச்சைத்தான். 1927 நவம்பரில் பொட்டுக்கட்டுதலை நிறுத்தக் கோரும் தீர்மானத்தை அவையில் நிறைவேற்ற வைத்தார். அடுத்து, 1929-ல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நிலத்தையும் பணியையும் அது பிரித்தது. இனி கோயில் பணி செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கும். மகளை நேர்ந்துவிட வேண்டிய கட்டாயம் இல்லை. தடை போடுவதற்கு முன்னால், அந்தக் குடும்பம் எதை இழக்கப் பயப்படுகிறதோ அதைக் காப்பாற்றிக் கொடுத்தார். குழந்தைகள் உரிமைக்குச் சட்டம் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் கவனிக்க வேண்டிய இடம் இது.

1930-ல் அடுத்த படியாக, பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற புகழ்பெற்ற கலைஞர்களும் தேவதாசிகளின் சங்கமும், தங்கள் குலத்தையே கேவலமாகச் சித்திரிக்கிறார்கள் என்று அரசுக்கு மனு கொடுத்தார்கள். பெரியாரின் சுயமரியாதை இயக்கம் மசோதாவை ஆதரித்தது. அந்த மரபிலிருந்தே வெளியே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மசோதா மக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்ட நிலையில், காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை ராஜினாமா செய்தார். மசோதா அப்படியே நின்றுபோனது.

சாரதா சட்டம்: ஓட்டைகள் எங்கே?

இதே காலத்தில் டில்லியில் இன்னொரு போராட்டம் நடந்தது. ஹர் பிலாஸ் சாரதா மத்திய சட்டசபையில் குழந்தைத் திருமணத் தடை மசோதாவை 1927-ல் கொண்டுவந்தார். சென்னை அவையில் அதற்கு ஆதரவு திரட்டியவர்களில் முத்துலட்சுமி முன்னணியில் இருந்தார். 1929-ல் சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. நாடு தழுவிய அளவில் ஒரு குழந்தையின் வயதுக்குச் சட்டம் கோடு போட்டது பெரிய விஷயம்.

சரி, நடந்தது என்ன? சட்டம் 1930 ஏப்ரல் 1-ம் தேதிதான் அமலுக்கு வரும் என்றார்கள். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடெங்கும் அவசர அவசரமாகக் குழந்தைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். அமலுக்கு வந்த பிறகும் ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்க முடியாது. யாராவது நீதிமன்றத்துக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவரே 100 ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டியிருக்கலாம். அன்றைய 100 ரூபாய்க்கு எந்தக் கூலிக்காரர் போவார்?

இரண்டாவது, தண்டனை உண்டு, ஆனால் நடந்த கல்யாணம் செல்லும். அபராதத்தைக் கட்டிவிட்டால் தீர்ந்தது. அந்தச் சிறுமியின் நிலை மாறாது.

மூன்றாவது, சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும். சமஸ்தானங்களுக்குச் செல்லாது. எல்லையைத் தாண்டிப் போய்த் தாலி கட்டிவிட்டு வந்தார்கள். முத்துலட்சுமி பிறந்த புதுக்கோட்டையே அப்படி வெளியே நின்ற சமஸ்தானம்தான். பொட்டுக்கட்டுதலிலும் இதே குழப்பம்: மைசூர் சமஸ்தானம் தன் கோயில்களில் அதை முன்னமே நிறுத்தியிருந்தது, சென்னை மாகாணம் நிறுத்தவில்லை. ஒரு அரசு கதவை மூடினால் பக்கத்து அரசின் கதவு திறந்திருந்தது. எல்லா அரசுகளும் சேர்ந்து செய்யாத வரைக்கும் சட்டம் பாதிதான் வேலை செய்யும்.

அந்தச் சிறுமிகள் கதவைத் தட்டியபோது

சட்டம் மட்டும் போதாது என்பது முத்துலட்சுமிக்குத் தன் வீட்டு வாசலிலேயே தெரிந்தது. பொட்டுக்கட்டுவதற்குத் தப்பி வந்த சில பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களைப் படிக்க வைக்க விடுதி தேடினார். எந்தக் குடும்பத்துப் பெண்கள் என்று தெரிந்ததும் விடுதிகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. சட்டத்தை நம்பி வீட்டை விட்டு வந்த குழந்தைக்கு அன்று இரவு தங்க இடம் இல்லை.

தன் வீட்டையே கொடுத்தார். 1930-31 காலத்தில் இப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பிறகு அடையாறுக்குப் போனது. சாதி கேட்காமல், அப்பா பெயர் கேட்காமல், ஆதரவற்ற பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. பள்ளி வந்தது, தொழிற்பயிற்சி வந்தது. அங்கே படித்த பெண்கள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வெளியே போனார்கள்.

சென்னை மாகாணத்தில் 1920-லேயே சிறுவர் சட்டம் இருந்தது. இந்தியாவிலேயே அந்த வகையில் முதல் சட்டம் அது. பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் அடைக்காமல், சிறுவர்களைத் தனியாக விசாரித்துத் தனி இல்லங்களில் வைக்க வழிசெய்தது. 1930-ல் விபசாரத் தடுப்புச் சட்டமும் வந்தது. விடுதிகளிலிருந்து சிறுமிகளை மீட்கலாம் என்றார்கள். மீட்டால் எங்கே வைப்பது? போலீஸ், நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, இல்லம் எல்லாம் தனித்தனியாக நின்றன. ஒரு குழந்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் பாலம் இல்லை. அவ்வை இல்லம் அப்படி ஒரு பாலம்.

1947: பதினேழு வருஷம் கழித்து

1937 முதல் 1939 வரை ராஜாஜி அமைச்சரவை இருந்தபோதும் பொட்டுக்கட்டுதல் தடை நிறைவேறவில்லை. கடைசியில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1947-ல் சென்னை மாகாண தேவதாசிகள் (அர்ப்பணிப்புத் தடை) சட்டம் வந்தது. பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது குற்றம். அப்படி நேர்ந்துவிடப்பட்ட பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம் என்று அதே சட்டம் உறுதிசெய்தது.

இந்தச் சட்டத்தின் மீதான விமர்சனத்தையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே கோயில் பணியில் இருந்த வயதான பெண்கள் பலர் பிழைப்பையும் மரியாதையையும் இழந்தார்கள். அவர்கள் காத்துவந்த சதிர் ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீடுகளுக்குப் போய்க் கொண்டாடப்பட்டது. அவர்கள் வீட்டுப் பெண்கள் மேடையிலிருந்து ஒதுங்கினார்கள். ஆய்வாளர்கள் இன்றும் எழுப்பும் கேள்வி இது. நியாயமான கேள்வி. முத்துலட்சுமியின் பார்வை அந்தக் கலையின் மீது இல்லை, குழந்தையின் மீது இருந்தது. விவரம் தெரியாத வயதில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் வேறொருவர் முடிவுசெய்யக் கூடாது என்பதில் அவர் கடைசிவரை அசையவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய அரசு 1953-ல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூகநல வாரியத்தை அமைத்தது. மாநிலங்களிலும் ஆலோசனை வாரியங்கள் வந்தன. சென்னை மாநில வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர் முத்துலட்சுமி. தங்கை புற்றுநோயால் இறந்ததை மறக்காமல், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கியிருந்தார். 1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22-ம் தேதி, 81 வயதில் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து சட்டம் எங்கே வந்திருக்கிறது?

சாரதா சட்டத்தின் ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. பெண்ணின் திருமண வயது 1949-ல் 15, 1978-ல் 18 ஆனது; ஆணுக்கு 21. 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தடுப்பு அலுவலர்களை நியமிக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாவட்ட சமூகநல அலுவலரிடம் இருக்கிறது. புகார் கொடுக்க ஜாமீன் கட்ட வேண்டியதில்லை. நடக்கப்போகும் கல்யாணத்தை நீதிமன்றம் முன்கூட்டியே தடுக்கலாம். நடந்துவிட்டால், குழந்தையாக இருந்தபோது கட்டி வைக்கப்பட்டவர் பிற்பாடு அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வயது வந்து இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றது. 2005-ம் ஆண்டுச் சட்டத்தின்படி 2007-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வந்தது. மாநில ஆணையங்களும் வந்தன. 2012-ல் போக்சோ. 2015-ல் புதுப்பிக்கப்பட்ட இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழுவும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருக்கின்றன. மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். எங்கே தங்கவைப்பது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டுக்கு அனுப்பலாமா என்பதைக் குழு முடிவுசெய்யும். அன்று முத்துலட்சுமி தன் வீட்டைத் திறந்துவிட்டுச் செய்த வேலையை, இன்று சட்டம் ஒரு அரசு அமைப்பின் கடமையாக்கியிருக்கிறது.

நிலத்தையும் பணியையும் பிரித்த அந்த 1929 பாடம் விருதுநகர் மாவட்டத்துக்கு வேறு வடிவில் திரும்பி வந்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்ததைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலைக்கு வழிசெய்ய வேண்டும், இல்லையென்றால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். குழந்தையை வேலையிலிருந்து எடுத்தால் அந்த வீட்டு அடுப்புக்கு என்ன வழி என்ற கேள்வியையும் நீதிமன்றம் சேர்த்தே பார்த்தது.

தமிழ்நாட்டில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022-ல் மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்குப் போன பணம் கல்லூரிக்குப் போகிறது. முத்துலட்சுமி பெயரில் இருப்பது மகப்பேறு நிதியுதவித் திட்டம்.

நாம் என்ன செய்யலாம்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்று காதில் விழுந்தால், 1098-ஐ அழைக்கலாம். காசு கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம். 1996-ல் மும்பையில் ஆரம்பித்த உதவி எண் இது. 2023 முதல் அரசே நேரடியாக நடத்துகிறது. மாவட்ட சமூகநல அலுவலருக்கோ காவல் நிலையத்துக்கோ சொன்னாலும் போதும்.

கல்யாணத்தை நிறுத்தியதோடு வேலை முடிவதில்லை. அந்தப் பெண் அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறாளா? கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக அப்பா அவளை மில் வேலைக்கு அனுப்பிவிட்டாரா? ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் ரகசியமாகத் தாலி கட்டிவிட்டார்களா? இதையெல்லாம் தொடர்ந்து பார்க்க பள்ளி, சமூகநலத் துறை, காவல் துறை, குழந்தைகள் நலக் குழு நான்கும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பல வழக்குகள் நழுவுவது சட்டம் இல்லாததால் அல்ல, இந்தப் பேச்சு நடுவில் நின்றுபோவதால்.

கோயில் அலுவலகத்தில் வயதுச் சான்று கேட்கும்போது சிலருக்கு எரிச்சல் வரும். எதுக்கு இத்தனை பேப்பர் என்று தோன்றும். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்து அது சட்டமாக ஒரு பெண் பதினேழு வருஷம் காத்திருந்தார். அதற்குள் அவர் தன் வீட்டுக் கதவையே திறந்துவிட வேண்டியிருந்தது. அந்தப் பேப்பருக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.